கல்லில் கீறிய கூலிக் கணக்கு

கேள்வி: கிருஷ்ணாபுரம் கோயிலின் கர்ணன் சிலையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வடித்தவர் பெயர் என் கண்ணில் பட்டதில்லை. ஐரோப்பாவின் பழைய தேவாலயக் கற்களிலோ அம்பு, முக்கோணம் போன்ற குறிகள் உண்டாம். அவை இரகசியச் சங்கேதங்களா? அங்கே கல்தச்சருக்கு அவ்வளவு மதிப்பா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரகசியம் எதுவும் இல்லை, முதலில் அது கூலிக் கணக்கு. பொளிந்து முடித்த கற்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றவர், எவை தம் கற்கள் என்று மேற்பார்வையாளர் அறியும்படி உளியால் நாலைந்து கோடுகளைக் கீறி வைத்தார். நாட்கூலிக்காரருக்கு அந்தத் தேவை இல்லாததால், குறியில்லாத கற்களும் ஏராளம். நேர்கோடுகளே உளிக்கு எளிது என்பதால் ஒரே வடிவம் பல ஊர்களில் தென்படும். அதை வைத்து ஒரே ஆள்தான் இரண்டு இடங்களிலும் வேலை செய்தார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. திருப்பணிக்காக மண்டபத்தைப் பிரிக்கும்போது நம்மவர்கள் கற்களுக்கு எண் இடுவதைப்போல, எந்தக் கல் எங்கே அமர வேண்டும் என்று காட்டும் குறிகளும் அங்கே தனியாக இருந்தன.

மதிப்பு பிறகு வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் அரசரின் கட்டடப் பணித் தலைவரான வில்லியம் ஷா 1598-இல் வகுத்த விதிகள், தொழிற்குழுவில் சேர்க்கப்படுபவரின் பெயரையும் குறியையும் ஏட்டில் பதியச் சொல்கின்றன. ஜெர்மானிய நாடுகளில் தலைமைக் கல்தச்சர்கள், பிரபுக்களின் குலச்சின்னத்தைப்போலத் தம் குறியைக் கேடயத்துக்குள் செதுக்கிக்கொண்டார்கள். கூலிக்காகக் கீறிய கோடு இப்படிக் குடிப்பெருமையாக உயர்ந்ததுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது.

நம் நாட்டில் சிற்பியின் பெயர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, 'வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்' என்று பட்டத்தோடு ஒருவரைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது அரசன் தந்த பெருமை. அவருக்குக் கீழே கல் சுமந்து, கல் பொளிந்து உழைத்தவர்களை எட்டாத பெருமை. கொங்கு நாட்டுக் கம்மாளருக்கு, அதாவது கல்தச்சர் உள்ளிட்ட கைவினைக் குலத்தவருக்கு, கோனேரின்மை கொண்டான் என்ற பட்டப்பெயரில் வெளியான அரசாணையைப் படித்தால் அவர்கள் நிலை இன்னும் தெளிவாகும். நன்மை தின்மைகளுக்கு, அதாவது நல்லது கெட்டதுகளுக்கு, இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்கிறது அது. கோயிலை எழுப்பும் குலத்தவர், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசனின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது.