கடித்தால் ஒட்டும் புற்று

கேள்வி: டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கின் முகத்தில் வரும் புற்றுநோய் கடித்தால் பரவுமாமே? பரப்புவது வைரஸா?

வைரஸ் இல்லை. இங்கே புற்று அணுவேதான் (செல்தான்) கிருமி. ஒன்றையொன்று முகத்தில் கடிக்கும்போது அணுக்கள் காயத்தில் ஒட்டி வளர்கின்றன. 1996-இல் முதலில் தென்பட்ட வகை, என்றோ செத்துப்போன ஒரே ஒரு பெண் விலங்கின் நரம்புறை அணுவிலிருந்து கிளம்பியது. 2014-இல் கண்டறிந்த இரண்டாம் வகைக்கு மூலம் ஓர் ஆண்.

உறுதிசெய்யும் முறை எளிது. ஒரே விலங்கிடமிருந்து கட்டியில் ஒரு துண்டு, காதுமடலில் ஒரு துண்டு எடுத்து இரண்டின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட வேண்டும். வைரஸ் கிளப்பிய கட்டியானால் இரண்டும் ஒத்துப்போகும். இந்தக் கட்டியோ தான் குடியிருக்கும் உடலோடு ஒத்துப்போகாமல், எங்கோ இருக்கும் இன்னொரு விலங்கின் கட்டியோடு ஒத்துப்போகும். பெண் விலங்கின் கட்டியில், ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் கிடைத்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம். ஆணின் கட்டியில் ஒய் இல்லாதது அவ்வளவு வலுவான சாட்சி ஆகாது. புற்று அணுக்கள் ஒய்யைத் தொலைப்பது சகஜம்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. கட்டித் துண்டுக்குள் அந்த விலங்கின் இரத்தக் குழாய்களும் வெள்ளணுக்களும் கலந்திருக்கும். காதுமடல் துண்டு இல்லாவிட்டால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அடுத்தது, அணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் தனி டி.என்.ஏ.வை மட்டும் நம்புவது. நாய்களில் பரவும் இதேபோன்ற புற்று, தான் ஏறிய நாய்களின் மைட்டோகாண்ட்ரியாவைக் குறைந்தது ஐந்து முறை திருடியிருப்பது 2016-இல் வெளிவந்தது. அதை வைத்து வம்சாவளி எழுதினால் தாத்தாவே மாறிப்போவார்.

கேள்வி: அந்நியத் தோலை ஒட்டினால் உடல் உதறிவிடுகிறதே, இதை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது?

இந்த விலங்குகளுக்குள் மரபணு வேறுபாடு குறைவு, அதனால் அந்நிய அணு சொந்த அணுபோலத் தெரிகிறது என்றுதான் முதலில் விளக்கினார்கள். ஒன்றின் தோலை இன்னொன்றுக்கு ஒட்டிப் பார்த்தபோது உடல் நிராகரித்தது. விளக்கம் அத்தோடு போயிற்று. முதல் வகைப் புற்று தன் மேற்பரப்பில் எம்.எச்.சி. முதல் வகுப்புப் புரதத்தைக் காட்டுவதே இல்லை. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி அணுக்கள் சோதிக்கும் அடையாள அட்டை அதுதான். இதில் முக்கியமான செய்தி, அந்த மரபணுக்கள் உடையவில்லை, அணைத்துவைக்கப்பட்டிருக்கின்றன என்பது. ஆய்வகத் தட்டில் இன்டர்ஃபெரான் காமா என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்தால் அட்டை மறுபடி வெளியே வருகிறது. தடுப்பூசி முயற்சிகளுக்கு இதுவே பிடிமானம்.

கேள்வி: நாய்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் அந்தப் பரவும் கட்டியை அறுத்து எடுத்தால் போதுமா? நமக்குத் தொற்றுமா?

நமக்குத் தொற்றாது. அறுவை மட்டும் செய்தால் பல நாய்களில் திரும்ப வரும். வழக்கமான மருந்து வின்கிறிஸ்டின்: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 0.5 முதல் 0.7 மில்லிகிராம், வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 4 முதல் 8 வாரம். கட்டி சுருங்கியதும் நிறுத்திவிடக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தொடர வேண்டும். ஊசி சிரை இரத்தக் குழாய்க்குள்தான் போக வேண்டும். வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசை அழுகும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பது கட்டாயம். குறைந்திருந்தால் சில நாள் தள்ளிப்போடுவார்கள். கோலி வகை நாய்கள் பலவற்றில் மருந்தை வெளியேற்றும் ஒரு மரபணு பழுதாகியிருக்கும். அவற்றுக்கு வழக்கமான அளவே நஞ்சாகலாம் என்பதால் முதலில் மரபணுச் சோதனை.

கேள்வி: யானைக்கு, புற்றைத் தடுக்கும் பி53 மரபணு 20 பிரதி இருக்கிறதாம். நமக்கும் கூட்டிக்கொள்ளலாமே?

நமக்கு இருப்பது ஒன்று. யானையின் இருபதிலும் 19, இன்ட்ரான் (மரபணுவின் இடையே வரும், புரதமாகாத பகுதி) இல்லாத நகல்கள். எலிகளில் முயன்றாயிற்று: பி53 ஓயாமல் வேலை செய்த எலிகளுக்குப் புற்று குறைந்தது, மூப்பு சீக்கிரம் வந்தது. எப்போது வேலை செய்வது என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியோடு முழுசாகச் சேர்த்த கூடுதல் பிரதி மூப்பை அப்படி விரைவுபடுத்தவில்லை.