மண்மூட்டை வைத்தால் தகரம் நிற்குமா?

கேள்வி: வீட்டுப் பின்பத்திக்குப் புதிதாகத் தகரம் போட்டிருக்கிறோம். 78 சூறாவளியைக் கண்ட பெரியப்பா, மேலே மண்மூட்டை அடுக்கச் சொல்கிறார். மேசன் ஆணியே போதும் என்கிறார். காற்று பக்கவாட்டில்தானே அடிக்கிறது, தகரம் ஏன் மேலே கிளம்புகிறது? யார் சொல்வது சரி?
- வாசகர் ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. பெரியப்பா கோபிக்க வேண்டாம்.

பலத்த காற்று கூரை ஓரத்தில் மோதினால் தகரத்தை ஒட்டிப் போகாது; விலகி, மேலே எழும்பிப் பாயும். அந்த இடத்தில் தகரத்துக்கு மேலே அமுக்கம் குறைகிறது. பத்திக்குள் இருக்கும் காற்றின் அமுக்கமோ குறையவில்லை. அதுதான் கீழிருந்து தள்ளுகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தால் உள்ளே இன்னும் கூடும். ஓரமும் மூலையும் முதலில் கிளம்புவது இதனால்தான்.

எவ்வளவு தள்ளும்? மணிக்கு 60 கிலோமீற்றர் காற்றில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 17 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆகவே 120 இல் 68 கிலோ. எட்டடித் தகரம் ஒன்றுக்குக் கணக்குப் பார்த்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். தகரத்தின் சொந்தப் பாரம் பத்துக் கிலோகூட வராது. எத்தனை மூட்டை அடுக்கப் போகிறீர்கள்? அடுக்கினாலும் காற்றில்லாத நாளெல்லாம் கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். அப்புறம், தகரம் அதிரும்போது மூட்டை வழுக்கி விழுந்தால் கீழே நிற்பவர் கதி என்ன?

1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியில் கூரைகள் பறந்ததைப் பெரியப்பா கண்டது உண்மை. பாரம் போதாமல் பறந்தன என்று நினைத்ததுதான் பிழை. கட்டு இல்லாமல் பறந்தன.

மேசனின் வழுவழுப்பான ஆணி, தகரம் அதிர அதிர மரத்திலிருந்து கழன்று வரும். வாசர் போட்ட திருகாணி பிடிக்கும். அதுவும் பாதி வேலைதான். தகரம் அதற்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டமான சிலாகையைப் பிடித்திருக்கிறது, சிலாகை கைமரத்தைப் பிடித்திருக்கிறது, கைமரம் மட்டும் சுவரில் சும்மா கிடக்கிறது என்றால் கூரை முழுதாகவே எழும்பும். கைமரத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு கட்டச் சொல்லுங்கள். "கூரைப் பாரமே பிடித்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் வேறு மேசனைப் பாருங்கள்.