தவறு செய்தால் என்னையே திட்டிக்கொண்டே இருக்கிறேன். இதை எப்படி விடுவது?

நானும் இதில் நல்ல தேர்ச்சி உள்ளவள்தான். வீட்டிலேயே பதினொரு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். போன தை மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் பட்டு பிளவுஸில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டேன். தைக்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இருக்கும். அதனால் வலது கையும் இடது கையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராக வர வேண்டும். துணியை மடித்து வெட்டினால் அது தானாக வந்துவிடும். பார்டருக்காக நான் தனித்தனியாக வெட்டினேன். இரண்டும் வலது கை. புடவையோடு நெய்து வந்த துணி, கடையில் போய் வாங்கவும் முடியாது.

அன்று ராத்திரி என்னைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. "உனக்கெல்லாம் எதுக்குடி கத்திரிக்கோல்" என்பதுதான் அதில் மரியாதையானது. ஆனால் செய்ய வேண்டிய ஒரே வேலையைச் செய்யவில்லை. பெண்ணின் அம்மா இரண்டு தடவை போன் செய்தார். "தைச்சிட்டிருக்கேன்க்கா" என்று புளுகினேன். அப்படியே மூன்று நாள் போனது.

அப்புறம் என்னிடம் தையல் கற்ற பெண் நினைவுக்கு வந்தாள். யாருடைய பிளவுஸிலோ கழுத்தை அதிகமாக இறக்கிவிட்டு அழுதாள். "அழாத, முதல்ல அவங்ககிட்ட சொல்லு, பட்டி வெச்சு ஏத்திக்கலாம்" என்றேன். கத்திரிக்கோலைக் கீழே வை என்று அவளிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல், அடுத்தவரிடம் காட்டும் பரிவை நம்மிடமும் காட்டுவதைப் பற்றி எழுதியபோது மூன்றைச் சேர்த்துச் சொன்னார்: தன்னிடம் கனிவு, தவறுவது எல்லோருக்கும் பொது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்ப்பது. எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது. இரண்டு வலது கை வெட்டாத தையல்காரி ஊரில் யார் இருக்கிறார்கள்?

கனிவு காட்டினால் அலட்சியம் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. 2012-இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்லறிவுத் தேர்வில் சறுக்கிய மாணவர்களில் தன்னிடம் கனிவாக இருக்கத் தூண்டப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். என் அனுபவமும் அதுதான். திட்டிக்கொண்டிருந்த வரை ஒளிந்துகொண்டிருந்தேன். நீங்களும் பாருங்கள், திட்டும் சாக்கில் எதையாவது தள்ளிப்போடுகிறீர்களா என்று.

நான்காம் நாள் காலையில் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நல்ல கோபம். நியாயமான கோபம்தான், வாங்கிக்கொண்டேன். பின்பக்க வளைவையும் முன்பக்க அளவுக்கே எடுத்து, அக்குளில் சின்ன ஒட்டு வைத்துத் தைத்தேன். கையைத் தூக்கினால் லேசாக இழுக்கும். அதையும் சொல்லித்தான் கொடுத்தேன். தையல் கூலி வாங்கவில்லை. இப்போது வெட்டும் முன் சாக்பீஸால் 'வ', 'இ' என்று குறித்துக்கொள்கிறேன்.

திட்டும் குரல் இன்னும் போகவில்லை. போன வாரம்கூட ஒரு பிளவுஸில் கொக்கியைப் பக்கம் மாற்றித் தைத்துவிட்டு ஆரம்பித்தேன். ஆனால் அந்த பிளவுஸைக் கொடுத்த அக்காவுக்கு அரை மணி நேரத்தில் போன் போட்டுவிட்டேன்.