வாட்ஸ்அப்பில் போட்டாச்சு, ஆனாலும் ஏன் சண்டை?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். எல்லாத் தகவலையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். இருந்தும் மெயின்டனன்ஸை 2,500 ரூபாயிலிருந்து 3,200 ஆக உயர்த்தியதும் "யாரைக் கேட்டு ஏற்றினீர்கள்?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அதற்காகக் கூட்டிய பொதுக்குழுவுக்கு 11 பேர்தான் வந்தார்கள். குடியிருப்பு நிர்வாகத்துக்கென்று இருக்கும் ஆப் ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஆப்பை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். அதை விற்க வருகிறவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யப் போகும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கும் நோட்டீஸ் போர்டை. ஒரு குடியிருப்பில் கண்ணாடிக் கதவு போட்ட நல்ல போர்டு இருந்தது. உள்ளே தொட்டி சுத்தம் செய்வது பற்றிய தாள் ஒன்று, எட்டு மாதத்துக்கு முந்தையது, மை வெளுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவியைக் கேட்டேன். பழைய செயலாளரிடம் இருக்கும் என்றார்கள்; அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் ஆறு மாதமாகியிருந்தது. அந்த ஆறு மாதமும் கமிட்டி வாட்ஸ்அப்பில் தினமும் பத்துச் செய்தி போட்டுக்கொண்டுதான் இருந்தது. அங்கேயும் இதே புகார்தான்: "எங்களுக்கு எதுவுமே சொல்வதில்லை."

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ பார்க்கிங்கில் வண்டியை மாற்றி நிறுத்திய படம், இவற்றுக்கு நடுவே இரவு பத்தரை மணிக்கு "அடுத்த மாதம் முதல் மெயின்டனன்ஸ் 3,200" என்று ஒரு வரி வந்தால், அதை அறிவிப்பு என்று யார் எடுத்துக்கொள்வார்கள்? அது அரட்டையோடு அரட்டையாக மேலே போய்விடும். படித்தவருக்கும் அது முடிவாகத்தான் தெரியும், காரணம் தெரியாது.

அதனால் முதல் வேலையாக அறிவிப்பையும் அரட்டையையும் பிரியுங்கள். அட்மின் மட்டுமே செய்தி போடக்கூடிய தனிக் குழு ஒன்றைத் தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் அதில் வரக்கூடாது; தண்ணீர் நிற்பது, லிஃப்ட் பழுது மாதிரி அவசரம் மட்டும் விலக்கு. பழைய குழு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பணம் சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் கமிட்டி உறுப்பினர்கள் அங்கே பதில் சொல்ல வேண்டாம். ஒருவர் ஒன்று சொல்வார், பொருளாளர் வேறு சொல்வார், ஸ்கிரீன்ஷாட் மட்டும் நிலைத்து நிற்கும்.

அடுத்தது, மாதம் ஒரு தாள். இதைத்தான் நான் எல்லாச் சங்கங்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள், ஒரே பக்கத்தில், தமிழில்: போன மாதம் வந்த பணம், போன பணம், வங்கியில் மீதி, நிலுவை மொத்தம், இந்த மாதம் நடக்கப்போகும் வேலை. செயலாளர் கையெழுத்தும் தேதியும் போட்டு போர்டில் ஒன்று, லிஃப்டுக்குள் ஒன்று, அறிவிப்புக் குழுவில் ஒன்று. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் வீட்டில் வாட்ச்மேன் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

உங்கள் 700 ரூபாய் உயர்வையே எடுத்துக்கொள்வோம். "செலவு கூடிவிட்டது" என்று எழுதினால் சண்டைதான் வரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: வீட்டுக்கு 290 ரூபாய் லாரித் தண்ணீர், 170 செக்யூரிட்டி சம்பளம், 140 பொதுப் பயன்பாட்டு மின்சாரம், 100 லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம். எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. உங்கள் பில்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் போன வருடத் தொகையையும் போடுங்கள். மின்சாரத்துக்கு ஒரு வரி விளக்கமும் தேவை: வீட்டுக் கட்டண முறையில் வந்துகொண்டிருந்த பொதுப் பயன்பாட்டு இணைப்பு 2022 செப்டம்பரில் தனி வகையாக்கப்பட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது, அதன் பிறகும் ஏறியது. மோட்டாரும் லிஃப்டும் படிக்கட்டு விளக்கும் அந்த மீட்டரில்தான் ஓடுகின்றன. பாதிப் பேருக்கு இது தெரியாது. கமிட்டி பணத்தை எடுத்துக்கொள்கிறது என்றே நினைக்கிறார்கள்.

மெயின்டனன்ஸ் பணம் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போகிறதென்றால் இன்றே நிறுத்துங்கள். சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போக வேண்டும்.

இப்போது அந்த ஆப் விஷயம். ஆப் ஒரு கருவி, அதன் மேல் எனக்கு விரோதம் இல்லை. என் கவலையெல்லாம் அதைக் கொண்டுவருகிற ஆளைப் பற்றி. நான் கணக்குப் பார்த்த ஒரு சங்கத்தில், ஆப்பை அறிமுகப்படுத்தியவரே பராமரிப்பு ஏஜென்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். குடியிருப்பவர்கள் ஆப்பில் போடும் புகார் நேராக அந்த ஏஜென்சியின் சூப்பர்வைசருக்குப் போகும். அவர் "முடிந்தது" என்று அழுத்திவிடுவார். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா, பாத்ரூம் சுவரில் கசிவு என்று நான்கு தடவை புகார் போட்டிருக்கிறார். நான்கும் "முடிந்தது". நான் போய்ப் பார்த்தபோது சுவரில் பெயின்ட் கொப்பளித்து, கை வைத்தால் உதிர்ந்தது. கமிட்டியின் கையிலிருந்த அறிக்கையிலோ நிலுவைப் புகார் ஒன்றுகூட இல்லை. யார் வேலையைப் பற்றிப் புகார் வருகிறதோ, அவரிடமே புகார்ப் பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மாதிரி ஆட்கள் வாங்கும் கமிஷன் உங்கள் மெயின்டனன்ஸில்தான் வந்து விழுகிறது. குடியிருப்பவர்களின் போன் எண்கள் அவர்கள் கைக்குப் போன மறு வாரமே இன்டீரியர், வாட்டர் பியூரிஃபையர் என்று அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: சந்தாவை நிறுத்தினால் எங்கள் கணக்கு விவரம் முழுதும் கைக்கு வருமா? போன் எண்களை வேறு யாருக்காவது கொடுப்பீர்களா? அறிமுகப்படுத்தியவருக்கு எவ்வளவு போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். அதுவரை செக்யூரிட்டி மேஜையில் 200 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வீட்டு எண், புகார், யார் பார்த்தார், எப்போது முடிந்தது. "முடிந்தது" என்ற கட்டத்தில் புகார் கொடுத்தவரே கையெழுத்துப் போட வேண்டும்.

பொதுக்குழுவுக்கு வருவோம். பெரும்பாலான சங்கங்களைப் போல நீங்களும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு நடக்க வேண்டும். பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு, முக்கால் பங்கு பெரும்பான்மை. கட்டணத்தை யார் உயர்த்தலாம், எத்தனை பேர் இருந்தால் கோரம் என்பதற்கு உங்கள் பைலாவைப் பாருங்கள். 11 பேர் கோரத்துக்குப் போதாதென்றால் அந்தத் தீர்மானம் நிற்காது. இன்னொன்று: உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனு கொடுத்தால் சங்கத்தின் செயல்பாடு, நிதிநிலை பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். உங்கள் குடியிருப்பில் 16 கையெழுத்து. வராமல் போன 37 வீடுகளில் அதைத் திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கமிட்டி மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். பதிவேட்டில் பழைய செயலாளர் பெயரே இருந்தால், "நீங்கள் யார் எங்களுக்கு நோட்டீஸ் கொடுக்க?" என்று ஒருவர் கேட்கும்போது பதில் இருக்காது. ஒரு இனிஷியல் விட்டுப்போனதற்காக ஒரு பதிவாளர் அலுவலகத்தில் ஒரே படிவத்தை மூன்று முறை திருப்பியதைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவையே எல்லாக் குறையையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சம்பளம் வாங்காமல் சங்க வேலை பார்க்கிற மனிதர் எத்தனை நாள் லீவு போட்டு நடப்பார்? இந்த இழுத்தடிப்பால்தான் வாசலில் நிற்கும் புரோக்கருக்குப் பிழைப்பு ஓடுகிறது. போதாததற்கு, 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கவுன்ட்டரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். புரோக்கரிடம் போகாதீர்கள். சங்கப் பதிவு வேலை தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்.

நோட்டீஸ் யாருக்கு என்பதில் வாடகைதாரர் குழப்பம் எல்லா இடத்திலும் உண்டு. அவருக்கு ஓட்டு இல்லை, ஆனால் மாதத் தாள் கட்டாயம் போக வேண்டும். அதைவிடச் சிக்கலானது, உரிமையாளர் இறந்து, பத்திரத்தில் பெயர் மாறாத வீடு. 48 வீடுகளில் இரண்டு வீடாவது இப்படி இருக்கும். மகன் சிங்கப்பூரில் இருந்து மெயின்டனன்ஸ் அனுப்புவார், மகள் தாம்பரத்தில் இருப்பார், அம்மா அந்த வீட்டிலேயே இருப்பார். பணம் அனுப்புகிற மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சங்கங்கள் நிறுத்திக்கொள்கின்றன. பிறகு மகள் வந்து, "எங்கள் வீட்டு ஓட்டை அவன் எப்படிப் போட்டான்?" என்று கேட்பார். அங்கிருந்து குடும்பச் சண்டை சங்கச் சண்டையாகிவிடும். எனவே பதிவேட்டில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட், உங்களுக்குத் தெரிந்த வாரிசுகள் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி, அந்த அம்மா கையில் ஒரு பிரதி, வாங்கியதற்குக் கையெழுத்து. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுத்து, யார் ஓட்டுப் போடுவது என்று எல்லா வாரிசுகளும் சேர்ந்து எழுதித் தரும்வரை அந்த வீட்டின் ஓட்டை எண்ண வேண்டாம். தகவல் மட்டும் ஒரு நாளும் நிற்கக்கூடாது. பெயர் மாறாத வீடு என்று சொல்லித் தண்ணீர் நிற்கும் செய்தியைக்கூட அங்கே குடியிருந்த ஓர் அம்மாவுக்குச் சொல்லாமல் விட்ட சங்கத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுபது வயதில் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு வந்தார்.

உங்கள் முதல் தாளில், உயர்வைக் காரணம் சொல்லாமல் அறிவித்தது தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் கீழே 700 ரூபாய்க் கணக்கு. அதற்கும் கீழே, பில்களும் பாஸ்புக்கும் அடுத்து வரும் இரண்டு ஞாயிறுகளில் காலை 10 முதல் 12 மணி வரை சங்க அறையில் மேஜை மேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று போடுங்கள். பொதுக்குழு தேதியை அதற்குப் பிறகு வையுங்கள். போர்டு சாவி இரண்டு செய்து, ஒன்றை செக்யூரிட்டி மேஜையிலேயே தொங்கவிடுங்கள்.