புது தலைமுறையா, பழைய தலைமுறையா? செகண்ட் ஹேண்ட் சிஆர்-வி வாங்கும் முன்

வாசகர் ஒருவரின் கேள்வி: "வீட்டில் ஐந்து பேர், அதில் இருவர் வயதானவர்கள். செகண்ட் ஹேண்டில் ஹோண்டா சிஆர்-வி பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று 2009 மாடல், 2.4 லிட்டர். இன்னொன்று 2018 மாடல், 1.5 லிட்டர் டர்போ. புது தலைமுறை எல்லாவற்றிலும் மேல், யோசிக்காமல் எடுங்கள் என்கிறார் புரோக்கர். டர்போ என்ஜினில் ஆயிலோடு பெட்ரோல் கலந்துவிடும், பக்கத்திலேயே போகாதே என்கிறார் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக். யார் பேச்சைக் கேட்பது?"

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. புரோக்கர் சொன்னது வண்டி கைமாற வேண்டும் என்பதற்காகச் சொன்னது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2018 வண்டியின் ஆயிலும் கூலன்ட்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கீழே சொல்லும் சோதனையில் தேறினால் அதையே எடுங்கள். 2009 வண்டி உங்கள் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதன் ஏர்பேக் மாற்றப்பட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாமல் அதில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

தலைமுறை என்ற பேச்சை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். சிஆர்-வி 1995இல் ஜப்பானில் வந்தபோது அது சிவிக் காரின் அடித்தளத்தில் எழுப்பிய உயரமான குடும்ப வண்டி, அவ்வளவுதான். ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும், டிக்கியின் தரைப்பலகையை எடுத்துக் காலை விரித்தால் பிக்னிக் மேசை ஆகிவிடும். 2001இல் வந்த இரண்டாம் தலைமுறையில், என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் போய் செயின் வந்தது. வாங்குபவருக்கு இது பெரிய நன்மை, ஏனென்றால் பெல்ட்டைக் கெடு தவறாமல் மாற்றினாரா என்று பழைய முதலாளியின் வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை. 2006இல் மூன்றாவது: ஸ்டெப்னி கீழே போனது, பின்கதவு மேல்நோக்கித் திறக்க ஆரம்பித்தது. உங்கள் 2009 வண்டி இதுதான். 2011இல் நான்காவது. 2016 கடைசியில் ஐந்தாவது, அதோடு 1.5 டர்போவும் வந்தது. உங்கள் 2018 வண்டி இது. 2022இல் வந்த ஆறாவது பெரும்பாலும் ஹைப்ரிட் பக்கம் சாய்ந்துவிட்டது. முதல் தலைமுறையின் அகலம் சுமார் 1,750 மில்லிமீட்டர், ஆறாவதில் சுமார் 1,865. இன்னமும் 'காம்பாக்ட்' என்றுதான் விற்கிறார்கள். வண்டி நிறுத்தும் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

சரி, ஆயில் விஷயம். இந்த டர்போ என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதில் கொஞ்சம் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு சேர்ந்துவிடும். என்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரமாவது ஓடினால் அந்தப் பெட்ரோல் ஆயிலிலிருந்து ஆவியாகிப் போய்விடும். சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால், அடுத்த நாளும் அதே மாதிரி நிறுத்திவிட்டால், அது சேர்ந்துகொண்டே போகும், ஆயில் நீர்த்துப் போகும். 2018இல் சீனாவில் இதே காரணத்துக்காக சிஆர்-வி விற்பனையே சில காலம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 2017, 2018 மாடல்களுக்கு என்ஜின் உத்தரவாதத்தை நீட்டித்தார்கள். ஆகவே மெக்கானிக் கதை கட்டவில்லை.

ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவே இதில்தான் இருக்கிறது. இந்தக் கோளாறு என்ஜினைப் பொறுத்தது மட்டுமல்ல, ஓட்டும் விதத்தையும் ஊரின் தட்பவெப்பத்தையும் பொறுத்தது. கடுங்குளிர் உள்ள இடத்தில், பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடிய வண்டிதான் மோசமாக மாட்டிக்கொள்ளும். வெப்பமான இடத்தில், தினமும் வேலைக்கு முப்பது நாற்பது நிமிடம் ஒரே ஓட்டமாக ஓடிய வண்டிக்கு இது பெரும்பாலும் தொந்தரவே தராது. நடுவில் இருப்பவர்களும் உண்டு: வாரம் முழுக்கக் குறுகிய ஓட்டம், ஞாயிறு மட்டும் நெடுஞ்சாலை. அப்படிப்பட்ட வண்டியில் ஆயிலைக் கெடுவுக்கு முன்பே மாற்றி வந்தார்களா என்று பில் கேளுங்கள். விற்பவர் எப்படி ஓட்டினார் என்பதோடு நீங்கள் எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்பதும் கணக்கு. உங்கள் ஓட்டம் முழுக்கவே தெருமுனை வரைக்கும்தான் என்றால், இந்த டர்போ உங்களுக்கு வேண்டாம். அதே ஐந்தாம் தலைமுறையில் டர்போ இல்லாத 2.0 லிட்டரும் 2.4 லிட்டரும் சில நாடுகளில் வந்திருக்கின்றன, அதைத் தேடுங்கள்.

சோதனை எளிதுதான். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது சமதரையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், விலகிவிடுங்கள். "புது ஆயில் இப்போதுதான் ஊற்றினோம்" என்று பளபளவென்று காட்டினால் அது உங்களுக்குச் சாதகமல்ல, சாட்சியை அழித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். இந்த என்ஜினில் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) புகார்களும் உண்டு, காரணம் தெரியாமல் கூலன்ட் குறையும் வண்டியைத் தொடவே வேண்டாம்.

இப்போது 2009 வண்டிக்கு வருவோம். டர்போவைப் பற்றி இவ்வளவு பயமுறுத்தும் மெக்கானிக்குகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை சிஆர்-விகள் தகாட்டா ஏர்பேக் ரீகாலில் வருபவை, அதாவது தகாட்டா என்ற நிறுவனம் செய்த பழுதான ஏர்பேக்கை கார் கம்பெனியே மாற்றித் தர வேண்டிய வண்டிகள். அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்காக இருந்தால் கெட்டுப்போகும். பிறகு சின்ன மோதலில்கூட அது அளவுக்கு மீறி வெடித்து, இரும்புக் கூட்டையே உடைத்து, துண்டுகளை ஓட்டுபவர் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். வெப்பமும் புழுக்கமும் உள்ள இடங்களில்தான் ஆபத்து அதிகம். மாற்றித் தருவது இலவசம், ஆனாலும் வண்டி மூன்று கை மாறி, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனதும் கடிதம் பழைய முதலாளியின் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கிறது. உயிர் போகிற விஷயத்தில் பெயர் மாற்றும் அலுவலகமே ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா? பெரும்பாலான இடங்களில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆகவே நீங்கள்தான் சேசிஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிடமோ அவர்களுடைய இணையதளத்திலோ கொடுத்துக் கேட்க வேண்டும். ஒருமுறை மாற்றியாயிற்று என்றாலும் நிற்காதீர்கள். ஆரம்பத்தில் மாற்றியவற்றில் சிலவற்றை மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. இன்றைய தேதியில் பாக்கி ஏதுமில்லை என்று எழுதி வாங்குங்கள். இந்த வயது வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் உடைந்து உலோகத்தூள் குழாயெல்லாம் பரவுவதும் தெரிந்த கதை, ஏசியை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள்.

புரோக்கர்கள் ஏமாற்றும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். முதலாவது ஆண்டு. பதிவான ஆண்டைச் சொல்லி அதற்கு அடுத்த தலைமுறை விலை கேட்பார்கள். பழைய தலைமுறையின் கடைசி வண்டிகள் அடுத்த ஆண்டில் பதிவாவது சகஜம். 17 எழுத்து சேசிஸ் எண்ணாக இருந்தால் பத்தாவது எழுத்து பல நாடுகளில் மாடல் ஆண்டைச் சொல்லும், எச் என்றால் 2017, ஜே என்றால் 2018. ஜப்பானிலிருந்து வந்த உள்நாட்டு வண்டியில் இந்தக் கணக்கு செல்லாது, அதில் ஆர்ஈ என்று தொடங்கினால் மூன்றாம் தலைமுறை, ஆர்டபிள்யூ என்றால் ஐந்தாவது.

இரண்டாவது, நீங்கள் வருவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது. போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நாளை காலை வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் குளிர்ந்த என்ஜின் கிளம்பும் முதல் இரண்டு நொடியில்தான் அது உண்மை பேசும், 2.4 என்ஜின்கள் சிலவற்றில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், பிறகு மறைந்துவிடும். மூன்றாவது, எச்சரிக்கை விளக்கை அழித்துவிட்டுக் காட்டுவது. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், புகைக்கட்டுப்பாட்டுச் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை பாதியில் நின்றால், பெரும்பாலும் பிழையை அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள். மீட்டரைத் திருப்புவது பற்றி எல்லாருக்கும் தெரியும், பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் தேய்ந்த அளவைப் பார்த்தாலே போதும்.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். பின்னாலிருந்து முனகலும் நடுக்கமும் வந்தால் பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) எண்ணெய் பழசாகிவிட்டது, அதற்கென்று உள்ள எண்ணெயை ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. 2018 வண்டியின் சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை எப்போது மாற்றினார்கள், எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள், வேறு வகை எண்ணெய் ஊற்றியிருந்தால் கியர்பாக்ஸே போய்விடும்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். பின் சீட்டில் ஏறி, உட்கார்ந்து, தாங்களாகவே இறங்கட்டும். டிப்ஸ்டிக்கில் தேறி இதில் தேறாத வண்டியும் உங்களுக்கு ஆகாது.