தரவு மையத்தின் மின்திறன் உத்தரவாதம்: வழக்கா, சமரசமா?

கேள்வி: நான் சேலத்துக்காரன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வாடகைக் கட்டடம் ஒன்றில் சிறிய தரவு மையம் நடத்துகிறேன். உயர் அழுத்த மின் இணைப்பு என் நிறுவனத்தின் பெயரில் உள்ளது. குளிர்நீர் மட்டும் கட்டட உரிமையாளரின் சில்லரிலிருந்து (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வருகிறது. என் முக்கிய வாடிக்கையாளருடன் செய்த ஒப்பந்தத்தில் பியூஇ (மையத்தின் மொத்த மின்நுகர்வு சர்வர்களின் நுகர்வைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) ஆண்டுச் சராசரி 1.5-ஐத் தாண்டாது என்று எழுதியிருக்கிறேன். தாண்டினால் கூடுதலாக வாங்கிய மின்கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு, மாதச் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தையும் கழிக்க வேண்டும். அவர்கள் 120 ரேக்குகளை (சர்வர்களை வைக்கும் அடுக்குகள்) ஒதுக்கச் சொல்லிவிட்டு 45-ஐத்தான் நிரப்பினார்கள். அதனால் பியூஇ 1.9-க்குப் போய்விட்டது. 14 மாதமாகச் சர்வர் நுகர்வை அந்த எண்ணால் பெருக்கித்தான் மின்கட்டணம் போட்டுப் பட்டியல் அனுப்பினேன். இப்போது 31 லட்சம் ரூபாய் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். 4 மாதப் பட்டியல்களுக்குரிய 59 லட்சத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டு வந்த நாட்களில் என் செலவில் டீசல் ஊற்றி அவர்களுடைய சர்வர்களைக் காப்பாற்றினேன். நம் ஊர்க்காரர் என்று நம்பித்தான் அந்த மேலாளருடன் கையெழுத்திட்டேன். இன்று அவரே ஊழியர்கள் முன்னால் என்னை அவமதிக்கிறார். இந்த எண்ணை அரசு எனக்கு விதிக்கவில்லை என்பதால் அந்த உட்பிரிவே செல்லாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மின்திறன் விவரம் கேட்ட மாநில முகமைக்குக்கூடச் சென்ற ஆண்டு 1.6 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடனே வழக்குப் போடலாமா?

பதில்: டீசல், ஊர்ப்பாசம், அவமதிப்பு ஆகிய மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். அவை உண்மையாக இருக்கலாம். ஆனால் வணிக நீதிமன்றத்தில் அவற்றுக்கு ஒரு பத்திகூட இடம் கிடைக்காது. நண்பர்கள் சொன்ன வாதமும் நிற்காது. எரிசக்தி சேமிப்புச் சட்டம், 2001 யாருக்கு எந்தக் கடமையை விதிக்கிறது என்பது ஒரு கேள்வி, நீங்கள் மனமுவந்து ஒரு எண்ணுக்குக் கையெழுத்திட்டது வேறு கேள்வி. சட்டம் கட்டாயப்படுத்தாத வாக்குறுதியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால் கட்டுப்படுத்தும் வாக்குறுதிதான்.

சட்டப்படி பொருட்படுத்த வேண்டியது ஒன்றே ஒன்று: 1.5 என்ற அந்த எண், எவ்வளவு சுமையில், எந்த இடத்தில் வைத்து அளக்கப்பட வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தம் சொல்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சொல்லவில்லை. பியூஇ என்பது மையத்தின் மொத்த மின்நுகர்வைச் சர்வர் முதலிய தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் நுகர்வால் வகுத்தால் வரும் எண். சில்லர், யுபிஎஸ், விளக்கு ஆகியவற்றின் இழப்பில் பெரும்பகுதி, ரேக்குகள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மாறாமல் இருக்கும். ஆகவே பாதி காலியான கூடத்தில் இந்த எண் ஏறத்தான் செய்யும். இது பொறியாளர்கள் அனைவருக்கும் தெரிந்த உண்மை. ஒப்பந்தம் எழுதியவருக்குத் தெரியாமல் போனது உங்கள் துரதிருஷ்டம். 120 ரேக்குகளை ஒதுக்கி வைத்தது அவர்களுக்கு உரிமையைத் தந்ததே தவிர, நிரப்பியே தீர வேண்டும் என்ற கடமையைத் தரவில்லை. எனவே, எதிர்த்தரப்பே நிறைவேற்றத்தைத் தடுத்தது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 53-ஆவது பிரிவைப் பிடித்துக்கொள்ள நினைத்தால், அந்தப் பிடி நழுவிவிடும். 'குறைந்தபட்சம் இத்தனை சதவீதச் சுமையில்' என்ற சில சொற்கள் அந்த உட்பிரிவில் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

இனி, நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன 1.6 என்ற எண்தான் அது. நிலுவைத் தொகையைக் கேட்டு அவசரமாக வழக்குத் தொடுத்த தரவு மைய உரிமையாளர்கள், தங்கள் கைப்படவே எழுதிய வேறொரு எண்ணால் மடக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளரிடம் 1.5 என்று உறுதி சொன்னீர்கள், அவருக்கே 1.9 என்று பட்டியல் போட்டீர்கள், முகமையிடம் 1.6 என்று அறிவித்தீர்கள். 1.6 உண்மையென்றால் 1.9 என்று பட்டியல் போட்டது மிகைப்படுத்தல் என்பார்கள். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கவும் அது வழி செய்யும். 1.9 உண்மையென்றால் அரசு முகமைக்குத் தவறான தகவல் தந்தீர்கள் என்பார்கள்.

இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டட உரிமையாளரின் சில்லர் எடுக்கும் மின்சாரம் உங்கள் மீட்டரில் ஓடுவதில்லை. அதைச் சேர்க்காமல் கணக்கிட்டால் ஒரு எண்ணும், சேர்த்தால் வேறோர் எண்ணும் வரும். உங்கள் கூடத்தில் மாதம் 40,000 யூனிட் சர்வர்களுக்குப் போவதாகவும், உங்கள் மீட்டர் 64,000 காட்டுவதாகவும், குளிர்நீருக்கு 12,000 ஆவதாகவும் வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் 1.6, இரண்டாவதில் 1.9. அளக்கும் இடமும் எண்ணை மாற்றும். பியூஇ-க்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஈசி 30134-2, யுபிஎஸ் வெளியீட்டில் அளப்பது, ரேக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பிடியூ வெளியீட்டில் அளப்பது, கருவியின் வாயிலில் அளப்பது என்று மூன்று வகைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. யுபிஎஸ் வெளியீட்டில் அளந்தால் இடைப்பட்ட இழப்பும் சர்வர் கணக்கில் சேர்ந்து எண் அழகாகக் குறையும். இந்த விளக்கமெல்லாம் சரியானதே. ஆனால் மூன்று ஆவணங்களில் ஒன்றில்கூட எந்த எல்லையை வைத்து அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கு தொடங்கிய பிறகு தரும் விளக்கம், நெருக்கடிக்குப் பின் ஜோடித்த கதையாகவே நீதிபதிக்குத் தோன்றும்.

முகமைக் கடிதத்தை மறைத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015 கொண்டுவந்த திருத்தத்தின்படி, வாதி தன் வசமுள்ள தொடர்புடைய ஆவணங்கள் அனைத்தையும், தனக்குப் பாதகமானவை உட்பட, பிராதுடன் தாக்கல் செய்து உறுதிமொழியும் தர வேண்டும். மறைத்தால் ஒரு பொய்க்கு இரண்டாகும்.

ஆகவே முதல் வேலையாக, கர்நாடகத்தில் மின்திறன் விவரங்களைக் கேட்டுப் பெறும் மாநில முகமையான கிரெடலுக்கு நீங்களே முன்வந்து ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த மீட்டர், எந்தக் காலம், குளிர்நீர் சேர்ந்ததா இல்லையா என்பதை மட்டும் அதில் சொல்லுங்கள். வாடிக்கையாளருடன் உள்ள தகராறைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, தகவல் தரும் கடமை உள்ளவர் அதில் தவறினால் ஒவ்வொரு தவறுக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. கேட்பதற்கு முன் திருத்திக்கொண்டவரையும் பிடிபட்ட பின் திருத்தியவரையும் எந்த அதிகாரியும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 'இத்தனை லட்சம் யூனிட் மின்சாரம் விற்ற வகையில் பாக்கி' என்று தரவு மையத்தார் சிலர் தங்கள் பிராதில் எழுதிவிடுகிறார்கள். மின்சாரச் சட்டம், 2003-இன் 12-ஆவது பிரிவின்படி உரிமமோ விலக்கோ இல்லாமல் மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ கூடாது. எதிர்த்தரப்பு அந்தப் பிராதின் நகலை மின் விநியோக நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தால், அனுமதியற்ற பயன்பாடு என்று 126-ஆவது பிரிவின் கீழ் நோட்டீஸ் வரக்கூடும். அங்கே மதிப்பீடு இருமடங்குக் கட்டணத்தில் நடக்கும். 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் மதிப்பிட்ட தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். உங்கள் தரப்பில் நல்ல பதில் இருக்கலாம். ஆனால் 31 லட்சத் தகராறுக்காக அந்தக் கதவை நீங்களே திறந்துவிடக் கூடாது. உங்கள் பட்டியலில் 'மின் விற்பனை' என்ற தலைப்பு இருந்தால் இன்றே அதை மாற்றி, சேவைக் கட்டணத்தின் ஒரு கூறாக எழுதுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவர்கள் கேட்கும் 31 லட்சத்தில் ஏறத்தாழ 20 லட்சம் 1.5-க்கும் 1.9-க்கும் இடையிலான கட்டண வேறுபாடு. மீதி 11 லட்சம் 10 சதவீதக் கழிவு. 20 லட்சத்தைக் காப்பாற்ற உங்களிடம் வலுவான வாதம் இல்லை. 11 லட்சத்தில் இருக்கிறது: உண்மையான நட்டம் கட்டண வேறுபாட்டிலேயே ஈடுசெய்யப்படும்போது, அதன் மேல் சதவீதக் கழிவு என்பது தண்டனைத் தன்மை கொண்டது என்றும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது என்றும் வாதிடலாம். கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் வகுத்த நெறி இதற்கு உதவும். அப்படியானால் முழுவதும் தோற்றாலும் அவர்கள் நிறுத்தி வைத்த 59 லட்சத்தில் 28 லட்சம் உங்களுக்கு வர வேண்டும். அந்த 11 லட்சத்தை வென்றால் 39 லட்சம். இந்த 11 லட்சத்துக்காகத்தான் பல ஆண்டுகள் வழக்காடப் போகிறீர்கள்.

எனவே சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றே வெளிப்படையாகச் சொல்கிறேன். அவசர நிவாரணம் கேட்காத வழக்கு என்றால், வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவின்படி முன்மத்தியஸ்தம், அதாவது வழக்குத் தொடுக்கும் முன் நடக்கும் சமரசப் பேச்சு, எப்படியும் கட்டாயம். 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்துவிட்டது. அந்த மேசையைச் சடங்காக நினைக்காமல் பயன்படுத்துங்கள். அங்கே எட்டப்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்குரிய வலு உண்டு. கட்டண வேறுபாட்டை ஒப்புக்கொண்டு, சதவீதக் கழிவைக் கைவிடச் சொல்லி, 36 முதல் 39 லட்சத்துக்குள் ஒரு தொகைக்கு முடியுங்கள். அந்த உடன்பாட்டிலேயே ஒப்பந்தத் திருத்தத்தையும் வாங்கிவிடுங்கள்: சுமைக்கு ஏற்ற படிநிலைப் பியூஇ, அளக்கும் இடம், குளிர்நீர்க் கணக்கு மூன்றும் அதில் இருக்க வேண்டும். அது இல்லாத சமரசம் உங்களுக்கு வேண்டாம். அடுத்த ஆண்டும் அந்த ரேக்குகள் காலியாகத்தான் இருக்கப் போகின்றன.

அதுவரை அந்த மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் எதுவும் எழுத வேண்டாம். 'பியூஇ அதிகம்தான், சரி செய்துவிடுகிறோம்' என்று ஏற்கனவே எழுதியிருந்தால் அதன் நகலைக் கொண்டு வாருங்கள்; சமரச யோசனை எதுவானாலும் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற தலைப்போடு வழக்கறிஞர் மூலமே போகட்டும். இந்த மாதப் பட்டியலை 1.5 என்ற விகிதத்திலேயே அனுப்புங்கள், எஞ்சிய தொகையைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்து.