சாரல், அருவி, மலைக்கு அந்தப்பக்கம்: குற்றாலம் சுற்றுவட்டாரம் பற்றிக் கேள்வி பதில்

சீசன் நெருங்குகிறது. குற்றாலம், தென்காசி, செங்கோட்டை, மலையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். செங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, ஜூன் முதல் வாரம் நாலு நாள் லீவு கிடைக்குது. அருவியில தண்ணி விழுமா? (விருதுநகர்)

உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதே வழக்கமாக ஜூன் 1 வாக்கில்தான். அது வலுத்து, மேலே காடு நனைந்து ஊறி, அப்புறம்தான் அருவி நிலையாக விழும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் நம்பி வரலாம்.

எங்கள் பக்கம் மலைத்தொடர் ஆரியங்காவில் தாழ்ந்து கணவாயாகிறது. மேற்கே பெய்து தீர்த்த மேகத்தின் மிச்சம் அந்த வழியாகத்தான் இந்தப்பக்கம் வருகிறது. சட்டையை நனைக்காமல் தலைமுடியில் மட்டும் பொடிப்பொடியாக உட்காருமே, அதுதான் சாரல். திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும் அதே மத்தியானத்தில் இங்கே குளிர்ந்த காற்று வீசும். ஊரில் பெய்யும் மழையை வைத்து அருவியைக் கணக்குப் போடாதீர்கள். மலையில் பெய்தால்தான் தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் உண்டு. ஆனால் அது வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர், முரட்டுத்தனமாக வரும், அடிக்கடி தடை போடுவார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேரும். எந்த மாதம் வந்தாலும் சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் காலையில் வந்து பாருங்கள், அதே அருவி வேறு மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு எழுபது வயசு, கூட ரெண்டு சின்னப் பிள்ளைகள். எந்த அருவிக்குக் கூட்டிட்டுப் போகலாம்? (கோவில்பட்டி)

பிள்ளைகளுக்குப் புலியருவி. உயரம் குறைவு, தண்ணீர் சாதுவாக விழும். அம்மாவுக்கு மெயின் அருவியில் பெண்கள் பகுதியில் ஓரமாக நின்றாலே போதும். அங்கே அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் நாம் நிற்க முடிவதற்குக் காரணம் பொங்குமாங்கடல். பாறையின் நடுவில் ஆழமான பள்ளம் இருக்கிறது. மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அந்த அடியை யாரும் தாங்க முடியாது. அம்மாவை நிறுத்தி மேலே காட்டுங்கள், கீழிருந்தே தெரியும்.

ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம். தண்ணீர் குறைந்த நாளில் அங்கே கைப்பிடி ஓரமாக வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நீதிமன்றமே தடை போட்டிருக்கிறது. நீங்கள் குளிக்கும் தண்ணீர்தான் கீழே வயலுக்கும் குளத்துக்கும் போகிறது.

போன வருஷம் அவ்வளவு தூரம் வந்து, "குளிக்கத் தடை"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தண்ணி நல்லாத்தானே விழுந்துச்சு? (திண்டுக்கல்)

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் போலீஸ்காரர் பக்கம்தான். கீழே நிற்கிற நமக்கு மேலே காட்டில் என்ன பெய்கிறது என்று தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் நொடியில் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அன்றைக்குக் குளிக்க வந்த யாரும் சாக வரவில்லை.

தடை இல்லாத நாளிலும் ஒரு கண் தண்ணீர் மேல் இருக்கட்டும். தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, சத்தம் மாறினாலோ, செருப்பைத் தேடாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். காவலர் விசில் ஊதுவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

தடை போட்ட நாளில் திரும்பிப் போகாதீர்கள். மெயின் அருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில், சங்கு வடிவில் கட்டியது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தெப்பக்குளத்தை ஒட்டிச் சித்திரசபை. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரம் பொன்னுக்கு, மதுரை வெள்ளிக்கு, திருநெல்வேலி தாமிரத்துக்கு, திருவாலங்காடு இரத்தினத்துக்கு என்றால், குற்றாலம் சித்திரத்துக்கு. சுவர் முழுக்க ஓவியம். அருவியில் ஆயிரம் பேர் நெருக்கியடிக்கும் நாளில்கூட இங்கே ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். எனக்கு அது மனவருத்தம். அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சுவரைத் தொடாதீர்கள்.

தென்காசி கோயிலில் காற்று அடிக்கும் என்கிறார்களே, அப்படி என்ன விசேஷம்? (சென்னை)

குற்றாலத்திலிருந்து 5 கி.மீ.தான், நேரில் போய் நின்று பாருங்கள். கோபுர வாசலில் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும். வேட்டி கட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கட்டினான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை உலகறியப் பணிகிறேன் என்று கல்வெட்டில் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறான். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத ஆட்களைக் கும்பிடுகிறான்! கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. ஊர் கூடி ஒன்பது நிலைக் கோபுரம் எழுப்பி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. அந்தக் கும்பிடு இவர்களுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

செங்கோட்டை வழியா கொல்லம் போற ரயிலில் என்ன பார்க்கலாம்? பகலில்தான் போகணுமா? (மதுரை)

பகலில்தான். ராத்திரி வண்டியில் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். 1904-ல் மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கிய பாதை இது. 2010-ல் மலைப்பகுதியை நிறுத்தி, அகலப்பாதை போட்டு, 2018-ல் திரும்பத் திறந்தார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஏறக்குறைய 50 கி.மீ.

பகவதிபுரம் தாண்டியதும் மலை ஏற்றம். அப்புறம் நீளமான குகை, உள்ளே நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் ஊளையிடுவார்கள், இது எல்லா வண்டியிலும் நடக்கும். குகைக்கு இந்தப்பக்கம் தமிழ்நாடு, அந்தப்பக்கம் கேரளம். வெளியே வந்ததும் பச்சை இரண்டு மடங்காகிவிடும். கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண்ணுப் பாலம், கல்லால் கட்டிய வளைவுகள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ரயிலில் போகிறவருக்குப் பாலத்தின் அழகு தெரியாது, கீழே ரோட்டில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புனலூரில் இறங்கினால் கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் முடிந்த தொங்குபாலம் இருக்கிறது. இப்போது நடப்பதற்கு மட்டும்.

பாலருவி, தென்மலை ரெண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? (இராஜபாளையம்)

காலை எட்டு மணிக்குள் செங்கோட்டையை விட்டால் தாராளமாக முடியும். சொந்தக் காரில் வருகிறவர்கள் புளியரை எஸ் வளைவில் பொறுமையாகப் போக வேண்டும், பாரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும். ஆரியங்காவு கோயிலில் ஐயப்பனை வணங்கிவிட்டுப் பாலருவி. மெயின் ரோட்டிலிருந்து காட்டுக்குள் வனத்துறை வண்டியிலேயே கூட்டிப்போவார்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து பால் ஊற்றுவது மாதிரியே விழும். கோடையில் தண்ணீர் வற்றினாலும், மழையில் மிஞ்சினாலும் மூடிவிடுவார்கள்.

தென்மலையில் அணை, மான் பூங்கா, செந்துருணி சரணாலயத்துக்குள் நீர்த்தேக்கத்தில் படகு எல்லாம் உண்டு. நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுப் படகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரு கரையிலும் காடு நீர் வரை இறங்கி நிற்கும். சரணாலயத்துக்குப் பேர் வந்ததே செங்குறிஞ்சி மரத்தால்தான்.

தேனருவிக்கு நடந்து போகலாம்னு ஒரு வீடியோவில் பார்த்தேன். வழி சொல்லுங்க. (கோயம்புத்தூர்)

சொல்ல மாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். செண்பகாதேவி அருவியும் அதற்கு மேலே தேனருவியும் காட்டுக்குள் இருக்கின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. வீடியோ எடுத்தவர் பத்திரமாகத் திரும்பிவிட்டார் என்பது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. நடக்கத்தான் ஆசை என்றால் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயிலுக்குப் படி ஏறுங்கள். மேலே வண்டி போக ரோடு இருந்தாலும் படிதான் அழகு. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வயலும் குளமும் தென்னந்தோப்புமாக விரியும்.

நாங்க புனலூர்த் தமிழர்கள். எங்களுக்கு அருவி புதுசு இல்லை. இந்தப்பக்கம் வந்தா என்ன இருக்கு? (புனலூர்)

வாங்க, நல்ல கேள்வி. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் உங்கள் பக்கம்தான், முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஊருக்குள் வரும் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். வாஞ்சிநாதன் பிறந்த ஊர் இது, அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

உங்கள் பக்கம் கிடைக்காதது அகன்ற வெளிதான். ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். காலையிலேயே போங்கள். வரப்போடு நின்று படம் எடுங்கள், உள்ளே இறங்கிச் செடியை மிதிக்காதீர்கள், ஒரு குடும்பத்தின் அந்த வருஷத்துச் சாப்பாடு அது.

மத்தியானம் செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். இதைச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

குற்றாலத்துல மங்குஸ்தான் பழம் வாங்கினா பாதி அழுகிப் போகுது. எப்படிப் பார்த்து வாங்கணும்? (தூத்துக்குடி)

லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் நெகிழ்ந்தால் நல்ல பழம், கல் மாதிரி இருந்தால் உள்ளே கெட்டிருக்கும். காம்பைச் சுற்றிய இதழ் பச்சையாக இருக்க வேண்டும். தோலில் மஞ்சள் பால் கசிந்து காய்ந்திருந்தால் தள்ளிவிடுங்கள். பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லிவிட்டு உடையுங்கள். தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகவே போகாது, வெள்ளைச் சட்டையோடு உடைக்காதீர்கள்.